வாக்கியம் முடிவதற்குள் உயர்ந்த கை

அத்தையும் மருமகளும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் "இந்த ஊசியில நூல் கோத்துக் குடு, கண்ணு தெரியல" என்று அத்தை இறங்கி வந்ததில் சமாதானமானார்கள் அல்லவா? போன வாரம் அங்கேதான் விட்டோம். அத்தைக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது மருமகளுக்கும் தெரியும். தெரிந்தும் கோத்துக் கொடுத்தாள். குடும்பம் நடப்பது இப்படிப்பட்ட பொய்களால்தான்.

இன்றைக்கு வாக்கெடுப்பு நாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் நகர மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். யார் என்ன முன்மொழிந்தார், எத்தனை கை உயர்ந்தது, என்ன முடிவானது எல்லாம் அவள் பேனா வழியாகத்தான் ஏட்டில் ஏறும். பதினோரு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. அத்தை சந்தையில் இருபத்திரண்டு வருஷம் பட்டன் கடை வைத்திருந்தவர். போன தேர்தலில் ஏழாம் வார்டில் நின்று, யாரும் எதிர்பாராமல் ஜெயித்து, அதே மன்றத்துக்கு உறுப்பினராக வந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ஒரே வீட்டிலிருந்து ஒரே கட்டடத்துக்குப் போகிறவர்கள் வேறு வேறு பேருந்தில்தான் போவார்கள். அது அத்தை போட்ட சட்டம்.

"சேர்ந்து இறங்கினா, சேர்ந்து பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்கன்னு சொல்லுவானுங்க. நீ எட்டு நாப்பது வண்டியில போ. நான் ஒம்பது மணி வண்டியில வர்றேன்."

மன்றமும் தன் பங்குக்கு ஒரு காகிதத்தில் மருமகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. எந்த உறுப்பினருக்கும், உறவினராக இருந்தால் நிச்சயமாக, மன்ற விஷயத்தில் அவள் யோசனை சொல்லக் கூடாது. கூட்டத்தில் தலைவர் கேட்டால் மட்டும் விதியைப் படித்துக் காட்டலாம். அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

காலையில் அத்தை சாப்பாட்டு மேஜையில் பட்டன்களைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளை ஆறு, கறுப்பு நாலு. வெள்ளை நம்ம பக்கம். கறுப்பு அவர்கள் பக்கம். தலைவரைச் சேர்க்கவில்லை. இரு பக்கமும் சமமானால்தான் அவருக்கு ஓட்டு.

"ஆறுக்கு நாலு" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார். மருமகளிடம் சொன்னால் யோசனை கேட்ட மாதிரி ஆகிவிடும்.

"சுவருக்குக் காது இருக்கும்மா" என்றான் மகன், மருமகளின் கணவன். லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தான்.

"காது இருக்கட்டும், வாய் இல்லாம இருந்தா சரி."

மருமகள் சிரிப்பை டம்ளருக்குள் மறைத்தபடி டீயைக் குடித்துவிட்டு எட்டு நாற்பது வண்டிக்கு ஓடினாள்.

விஷயம் இதுதான். சந்தை வாசலில் ஒரு பெண்கள் கழிப்பறை இருக்கிறது. நாலு அறை, இரண்டு குழாய், ஒரு கண்ணாடி. கட்டி ஆறு வருஷம்தான் ஆகிறது. அதை இடித்துவிட்டுப் பதினோரு கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று போன மழைக்காலத்தில், பாதிப் பேர் வராத ஒரு கூட்டத்தில் மன்றம் முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவைக் கைவிடச் சொல்லி அத்தை மூன்று மாதம் அலைந்தார். கடை கடையாக ஏறி இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். செருப்பு ஒரு ஜோடி தேய்ந்ததுதான் மிச்சம் என்று மகன் கேலி பண்ணுவான்.

அவனுக்கும் தெரியும், எதற்காக இந்த அலைச்சல் என்று.

மன்றக் கூடத்தில் லாடம் போல வளைந்த மேஜை. ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் ஒரு மைக், ஒரு தண்ணீர் ஜாடி. சுவர்க் கடிகாரம் எப்போதும் நாலு நிமிஷம் வேகமாக ஓடும். தலைவர் அதைத் திருத்தவிட மாட்டார். அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். எதையும் சீக்கிரம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிடப் போக வேண்டும் அவருக்கு.

பார்வையாளர் வரிசைகளில் சந்தைப் பெண்கள் முப்பது நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழக்கடை, பாத்திரக்கடை, சாவி செய்கிற அம்மா, எல்லாரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். அத்தை உள்ளே நுழைந்ததும் கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பது போல எக்கி எக்கிப் பார்த்தார்கள். அத்தை ஒரு நிமிஷம் நின்று, எல்லாரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த பொருள், சந்தைக் கழிப்பறை. படிங்கம்மா" என்றார் தலைவர்.

மருமகள் எழுந்தாள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. எவ்வளவு சிக்கலான விஷயமாக இருந்தாலும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவாள். அலுவலகத்தில் அதற்காகவே அவளுக்கு மதிப்பு. வீட்டில்தான் மதிப்பில்லை. "உன் ஆபீஸ் தமிழைப் படிச்சா தலை சுத்தி, வாந்தி வருது" என்பார் அத்தை. கட்டடக் குழு செவ்வாய்க்கிழமை தன் பரிந்துரையைச் சொல்ல, அவள் அதை எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது ஒரே மூச்சில் படிக்க ஆரம்பித்தாள்.

"சந்தை நுழைவாயிலில் அமைந்துள்ள மகளிர் கழிப்பறையை அகற்றி அவ்விடத்தில் பதினொரு வாகனங்களுக்கான நிறுத்துமிடம் அமைப்பதென முன்னர் எடுக்கப்பட்ட முடிவை மன்றம் கைவிட வேண்டும்..."

அத்தையின் கை விருட்டென்று மேலே போனது.

மூன்று மாதமாக அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அத்தை கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கைவிட வேண்டும், கைவிட வேண்டும். காதில் விழுந்ததும் கை தானாகப் போய்விட்டது. ஆனால் நம் மொழியில் சங்கதி எல்லாம் வாக்கியத்தின் வாலில் அல்லவா இருக்கிறது? வால் இன்னும் வரவில்லை.

மருமகள் படிப்பதை நிறுத்த முடியாது. ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் அந்தக் கையில். பதற்றத்தில் மூச்சு வாங்கி, குரல் இறங்கிவிட்டது.

"...எனக் கோரி நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பமிட்டு அளித்த மனுவை, கட்டடக் குழுவின் பரிந்துரைப்படி, ஏற்பதற்கில்லை என முடிவு செய்யலாம்."

அந்த 'ஏற்பதற்கில்லை' முதல் வரிசையைத் தாண்டியிருக்காது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் தலைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

கார் நிறுத்துமிடம் கேட்கும் மரக்கடைக்காரர் அணியில் நாலு கைகள் உயர்ந்தன. அத்தையின் கை ஏற்கெனவே கொடிமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி டீச்சரம்மா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சந்தோஷத்தில் இழுக்கிறார் என்று நினைத்து அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தார். எதிரே பேக்கரிக்காரர். நல்ல மனுஷர், ஆனால் தானாக எதையும் முடிவு செய்து பழக்கமில்லை. அத்தையின் கையைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார்.

கைகளை எண்ணுவது மருமகளின் வேலை.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பேக்கரிக்காரர் ஐந்து. அத்தையிடம் வந்தபோது ஒரு கணம் நின்றாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. பார்வையாளர் வரிசையைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"ஆறு" என்றாள் மருமகள். வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

"எதிர்க்கிறவங்க? நாலு. சரி. ஆறுக்கு நாலு. மனு ஏற்கப்படவில்லை" என்று தலைவர் மேஜையைத் தட்டினார்.

பின்வரிசையில் 'ஐயோ' என்று ஒரு சத்தம். அத்தையின் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆறுக்கு நாலு, கணக்கு சரிதானே? பிறகு ஏன் சாவிக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொள்கிறார்? மரக்கடைக்காரர் எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க நம்ம பக்கம் வருவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல."

அப்போதுதான் அத்தைக்கு விளங்கியது.

"பத்து நிமிஷம் டீ" என்றார் தலைவர்.

கூடத்துக்கு வெளியே, நடைபாதையின் கடைசியில் ஒரு குழாய் இருக்கிறது. மருமகள் அங்கே போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிமிர்ந்தால், பின்னாலேயே அத்தை.

"என்ன படிச்சே நீ?"

"எழுதியிருந்ததைத்தான் படிச்சேன் அத்தை."

"அது எழுத்தா, கூட்ஸ் வண்டியா? இன்ஜின் நம்ம இன்ஜின் மாதிரி இருக்கேன்னு நான் கொடியை ஆட்டினேன். கடைசிப் பெட்டியில வேற எவனோ உக்காந்திருக்கான்."

"தப்பு என்னோடதுதான். ரெண்டா உடைச்சு எழுதியிருக்கணும்."

"கையைத் தூக்கினது யாரு? நீயா வந்து தூக்கிவிட்டே?" அத்தையின் குரல் உடைந்தது. "அந்தக் கழிப்பறை வர்றதுக்கு முன்னால, காலையில கடை திறந்ததுலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. குடிச்சா எங்க போறது? அங்க எல்லாருமே அப்படித்தான். வெயில்ல நாக்கு ஒட்டிக்கும். பக்கத்துல பானை இருக்கும். தொட மாட்டோம். பத்து வயசுப் பொண்ணு அம்மாவுக்கு உதவியா வந்தா, அதுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுப்போம். குடிக்காதேடின்னு. இப்ப இந்தக் கையாலயே அதை மறுபடியும்..."

அத்தை தன் வலது கையை ஏதோ திருடியது போலப் பார்த்தார்.

மருமகளுக்கு இது புதிதில்லை. கல்யாணமாகி வந்த வருஷமே அத்தையைச் சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து வேளைக்கு வேளை தண்ணீர் குடிக்க வைத்தவள் அவள்தான். குடிப்பதற்கே அத்தையைப் பழக்க வேண்டியிருந்தது.

அவள் நாக்கு நுனியில் ஒரு விதி நின்று துடித்தது. முப்பத்தொன்றாவது விதி. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நடைபாதையில் ஆள் யாரும் இல்லை.

"அத்தை..."

"வாயைத் திறக்காதே." அத்தை உள்ளங்கையைக் காட்டினார். "உனக்கு ஏதோ தெரியும்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சொல்லாதே. நீ சொல்லி நான் ஜெயிச்சா, அது மருமக ஜெயிச்சுக் குடுத்ததுன்னு ஆயிடும். உன் வேலையும் போகும்."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேளுங்கள் அத்தை, உள்ளே போய் எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேளுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொன்னாலும் யோசனைதானே? சொல்லவில்லை. அத்தையிடம் கைக்குட்டையை மட்டும் நீட்டினாள். கைக்குட்டை கொடுக்கக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

கேட்பது அத்தைக்கு லேசான காரியமும் இல்லை. தேர்தலில் நின்ற நாளிலிருந்து ஊரில் ஒரு பேச்சு உண்டு. பட்டன் விற்றவளுக்கு மன்றத்தில் என்ன புரியும் என்று. எட்டாவதோடு படிப்பை விட்டவர் என்று துண்டுச் சீட்டுக்கூட அடித்தார்கள். பதினான்கு மாதமாக அத்தை ஒரு தடவைகூட 'புரியவில்லை' என்று சொன்னதில்லை. புரியாததை வீட்டில் மூன்று முறை படித்துப் புரிந்துகொண்டுதான் போவார். இன்றைக்குப் பட்டனை எண்ணுகிற ஜோரில், இது தெரிந்த சங்கதிதானே என்று காகிதத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

டீ முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சந்தைப் பெண்கள் பாதிப் பேர் கிளம்ப எழுந்திருந்தார்கள்.

"அடுத்தது, தெருவிளக்குக் கம்பத்துக்குப் பச்சை அடிக்கிறதா, சாம்பல் அடிக்கிறதா" என்று தலைவர் ஆரம்பித்தார்.

அத்தை எழுந்து நின்றார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தலைவரே, கம்பம் எங்கயும் ஓடிப் போயிடாது. நான் ஒண்ணு சொல்லணும்."

"சுருக்கமா சொல்லுங்க."

"நான் தப்பா கை தூக்கிட்டேன்."

கூடத்தில் ஒருவர் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

"எனக்குப் புரியல. வாக்கியம் முடியற வரைக்கும் பொறுக்காம தூக்கிட்டேன். மூணு மாசமா எதுக்காக நடந்தேனோ, அதுக்கு எதிரா நானே ஓட்டுப் போட்டுட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா என் வெக்கத்துக்காக அத்தனை பொம்பளைங்க மறுபடியும் தண்ணி குடிக்காம இருக்கணுமா? இதை மாத்த வழி இருக்கா, இல்லையா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

"முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றார் மரக்கடைக்காரர். "பரீட்சை எழுதிட்டு, பேப்பரைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா ஆச்சா?"

"நானும் புரியாமதான் தூக்கினேன்" என்று பேக்கரிக்காரர் பாதி எழுந்தார். "அம்மா தூக்கினாங்க, தூக்கினேன்."

மரக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் புரியல. ஆனா எனக்கு அதிர்ஷ்டம், சரியான பக்கம் தூக்கியிருக்கேன்."

கூடமே சிரித்துவிட்டது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"விதி என்னம்மா சொல்லுது?"

கேட்டுவிட்டார்! மருமகளுக்குப் புத்தகத்தைப் பிரிக்கவே தேவையில்லை. இருந்தாலும் பிரித்தாள்.

"விதி முப்பத்தொன்று. ஒரு முடிவு அறிவிக்கப்பட்ட பின், அதே கூட்டம் கலைவதற்குள், வென்ற பக்கத்தில் வாக்களித்த உறுப்பினர் எவரும் மறுவாக்கெடுப்பு கோரலாம்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு கடைசி வரியை நிறுத்தி, தெளிவாகப் படித்தாள். "தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர்கள் கோர முடியாது."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, இந்த அம்மா சரியா ஓட்டுப் போட்டுத் தோத்திருந்தா, இப்ப கேட்க முடியாது. தப்பா போட்டு ஜெயிச்சதால கேட்கலாம்."

"ஆமாங்க."

"நல்ல விதி" என்றார் தலைவர். மரக்கடைக்காரராலும் இதை மறுக்க முடியாது. டீக்கு முன்னால் ஓடிப் போய்க் கை குலுக்கி, அத்தை எந்தப் பக்கம் என்று ஊருக்கே காட்டியவர் அவர்தானே!

"மறுபடியும் ஓட்டெடுப்பு" என்று தலைவர் அறிவித்தார். "ஆனா அம்மா, இந்தத் தடவை மனுஷங்க பேசற மாதிரி எழுதிக் குடுங்க. எனக்கே மொதல் தடவை பாதியில மூச்சு முட்டிடுச்சு."

மருமகள் வெள்ளைத் தாளை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ தீர்மானம் எழுதியிருக்கிறாள். 'மேற்படி', 'அவ்வண்ணமே', 'ஏற்பதற்கில்லை' எல்லாம் பேனாவுக்குத் தானாக வரும். இன்றைக்கு ஒரு வரி எழுத இரண்டு நிமிஷம் ஆயிற்று. எழுதி, அடித்து, மறுபடி எழுதி எழுந்து நின்றாள்.

"சந்தை வாசலில் இருக்கும் பெண்கள் கழிப்பறை, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். உட்காராமல் நின்றாள். 'இருக்கட்டும்' கடைசி வரிசைச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது.

"ஆதரிக்கிறவங்க?"

டீச்சரம்மா தூக்கினார். பேக்கரிக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று போதும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மற்றதை இறக்கினார்கள். அத்தை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"அக்கா, தூக்குங்க!" என்றார் டீச்சரம்மா பதறிப்போய்.

"இரு. பின்னால இன்னும் ஏதாவது வருதான்னு பாத்துக்கறேன்."

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் அத்தை நிதானமாகக் கையை உயர்த்தினார். மருமகள் எண்ணினாள். ஆறு. எதிர்ப்பு மூன்றுதான். கண்ணாடிக் கடைக்காரர் இந்த முறை ஆதரவுக்கும் தூக்கவில்லை, எதிர்ப்புக்கும் தூக்கவில்லை. "இப்பதான் எனக்குப் புரிஞ்சிருக்கு, யோசிக்க விடுங்கய்யா" என்றார்.

பின்வரிசைப் பெண்கள் கைதட்டிய சத்தத்தில் தலைவர் மேஜையைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

"குறிப்புல எப்படிம்மா எழுதப் போறீங்க?" என்று தலைவர் கேட்டார். "மறுவாக்கெடுப்புன்னு மட்டும் போட்டா போதுமே. காரணம் எதுக்கு?"

"காரணத்தை எழுதட்டும் தலைவரே" என்றார் அத்தை. "ஏழாம் வார்டு உறுப்பினர் புரியாம கை தூக்கினார்னு எழுதட்டும். இன்னும் நாலு பேருக்கு நாளைக்குக் கேட்க தைரியம் வரும்."

மருமகள் அப்படியே எழுதினாள். எழுதும்போது பெருமையாக இருந்தது. என் மாமியார் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஏட்டில் அதற்கு இடமில்லை.

தெருவிளக்குக் கம்பத்துக்குப் பச்சை என்று முடிவானது. கூட்டம் கலையும்போது தலைவர் அவள் மேஜை அருகே நின்றார். "அடுத்த மாசத்துலேருந்து எல்லாத் தீர்மானத்தையும் இன்னிக்கு எழுதின மாதிரியே எழுதுங்க. பழைய விதிப் புத்தகத்தையும் அப்படியே மாத்தித் தர முடியுமா? ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல."

அவள் தலை ஆடியது. கால் தரையில் பாவவில்லை. மாடிப்படியில் மரக்கடைக்காரர் அத்தையை நிறுத்தி வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

சாயங்காலம் வீட்டில் முட்டை பொரிகிற வாசனை. மகன் இரண்டு பேரிடமும் கதையைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, சேர்த்து ஒரு தடவை கேட்டான். 'பின்னால இன்னும் ஏதாவது வருதான்னு' என்ற இடத்தில் தோசைக்கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அத்தை ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். "மரக்கடைக்காரன் படியில நிறுத்திட்டான். சண்டைக்கு வரான்னு நினைச்சேன். 'இத்தனை வருஷத்துல தப்புப் பண்ணிட்டேன்னு எழுந்து சொன்ன ஆளை இங்க இன்னிக்குத்தான் பாக்கறேன்'னான். துணைத் தலைவர் நாற்காலி ரெண்டு மாசமா காலியாத்தானே கிடக்கு? என் பேரை அவனே முன்மொழியறானாம். டீச்சரம்மா வழிமொழியறேன்னுட்டா. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அம்மா!" மகன் அடுப்பை மறந்து ஓடி வந்தான். "பட்டன் கடையிலேருந்து துணைத் தலைவரா!"

அத்தைக்கும் ஆசை முகத்தில் தெரிந்தது. ஊரில் சந்தை மட்டுமா இருக்கிறது? பேருந்து நிலையம், மார்க்கெட் ரோடு, பள்ளிக்கூட வாசல் என்று விரல் விட்டு எண்ணினார். குழாய் இல்லாத இடம், கதவு இல்லாத இடம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். எண்ணி முடித்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"இப்ப நாம வீட்டுல இருக்கோம், இது மன்றத் தீர்மானமும் இல்ல, நம்ம ரெண்டு பேர் வேலை. நானே கேட்கறேன். இதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

மருமகள் தட்டைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

"இருக்கு அத்தை. தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேரோட குடும்பத்துல யாரும் கூட்டக் குறிப்பு எழுதக் கூடாது. நீங்க அங்க உக்காந்தா, நான் வேற பிரிவுக்குப் போகணும். வரி வசூலோ, பிறப்பு இறப்புப் பதிவோ."

"பதினோரு வருஷ நாற்காலியா?"

"நாற்காலி போனா போகுது அத்தை." சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. விதிப் புத்தகத்தைப் பற்றித் தலைவர் சொன்னதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள். சொல்லி முடித்ததும் அத்தை காலிச் சொம்பை மேஜையில் திருப்பித் திருப்பி வைத்தார்.

மகனுக்கு அது பொறுக்கவில்லை. கரண்டியால் மேஜையைத் தட்டினான்.

"சரி, ஓட்டுக்கு விட்டுடுவோம். அம்மா துணைத் தலைவர் ஆகணும். ஆதரிக்கிறவங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டான். மருமகளின் கை முழு வாக்கியத்தையும் கேட்டுவிட்டு, நிதானமாக மேலே போனது.

"எதிர்க்கிறவங்க?"

அத்தையின் கை உயர்ந்தது.

ஒன்றுக்கு ஒன்று. சமமானால் தலைவர் ஓட்டுப் போட வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுப்பில் முட்டை கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் கையை இறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.